மூன்று திரைகளில் தாய்மொழி

‘மதர் டங்’, அதாவது தாய்மொழி, 2002இல் ஜினெப் செதிரா உருவாக்கிய வீடியோ கலைப்படைப்பு. அடுத்தடுத்து மூன்று திரைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட்போன். திரைக்கு இருவராக உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சும் பெரிதாக ஒன்றுமில்லை, சிறு வயது, பள்ளிக்கூடம் என்று வீட்டில் எல்லாரும் பேசுவதுதான். நடிகர்கள் கிடையாது. செதிரா, அவருடைய தாய், மகள், அவ்வளவே.

அல்ஜீரியா 1830 முதல் 1962 வரை பிரான்சின் பிடியில் இருந்தது. செதிராவின் பெற்றோர் அங்கிருந்து பிரான்சில் குடியேறியவர்கள். தாயின் மொழி அரபி. 1963இல் பாரிஸ் அருகே பிறந்த செதிரா பிரெஞ்சு பேசி வளர்ந்தார். 1986இல் லண்டனுக்குப் போனார். மகளுக்கு வாய்த்தது ஆங்கிலம். தாயின் மொழியே தாய்மொழி என்ற கணக்கு இந்தக் குடும்பத்தில் இரண்டு முறை தப்பியிருக்கிறது.

முதல் திரையில் செதிராவின் பிரெஞ்சுக்குத் தாய் அரபியில் பதில் சொல்கிறார். இரண்டாவதில் செதிராவிடம் மகள் ஆங்கிலத்தில் பேசுகிறாள். ஆளுக்கொரு மொழிதான், ஆனாலும் பேச்சு ஓடுகிறது. மூன்றாவது திரையில் பாட்டியும் பேத்தியும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்திக்கு அரபி தெரியாது. ஒருவர் கேட்க, மற்றவர் விழிக்கிறார். சிறுமியின் கண் உதவி தேடி கேமரா பக்கம் போகிறது. பிறகு மௌனம். ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு அது காதுக்குள்ளேயே கேட்கும்.

அச்சில் இதைக் கொண்டுவருவது கடினம். தெரியாத மொழி தாளில் வெறும் கோடுகளாகிவிடும். வீடியோவில் பொருள் போனாலும் குரலும் முகமும் மிஞ்சும். புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதையே படம்பிடிக்க முடியும். இங்கே சப்டைட்டில் ஓடினால், பாட்டிக்கும் பேத்திக்கும் கிடைக்காதது பார்ப்பவருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும்.

இதே வழியில் முன்பே நடந்தவர் மோனா ஹத்தூம். பெய்ரூட்டில் பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1975இல் லண்டனுக்கு வந்திருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் மூள, அங்கேயே தங்க நேர்ந்தது. 1988இல் அவர் உருவாக்கிய ‘மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்’ சுமார் 15 நிமிடம் ஓடும். தாய் எழுதிய கடிதங்களின் அரபிக் கையெழுத்து, தாயின் படங்கள் மேல் திரைச்சீலைபோல் தொங்குகிறது. தாயும் மகளும் அரபியில் சிரித்துப் பேசும் ஒலிப்பதிவு பின்னால் கேட்கிறது. அதன் மேல் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஹத்தூம் சோகக் குரலில் வாசிக்கிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் பிரிவின் துயரம் முழுதாகப் புரியும். அந்த இருவரும் எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் பிடிபடாது.