புத்தகத்தில் செய்த முக்காலி

வேண்டாத பழைய புத்தகங்களைக் கொண்டு மேஜை, முக்காலி, விசிப்பலகை முதலிய சாமான்கள் செய்யும் வழக்கம் மேல்நாடுகளில் வேரூன்றிவிட்டது. ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரத் தொழில்நுட்ப சர்வகலாசாலையின் கட்டடக்கலை நூல்நிலையத்தில், கழித்த புத்தகங்களைச் செங்கல் போல் வரிசை வரிசையாக அடுக்கி, வருவோர்க்குத் தகவல் சொல்லும் மேஜையாக அமைத்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தின் பெயர் பெற்ற ஸ்டிராண்டு புத்தகக் கடையில் புத்தகங்களை அடிக்கணக்கில் விற்கிறார்கள். சுவர் இத்தனை அடி என்று சொன்னால் அத்தனை அடிக்குப் புத்தகம் கிடைக்கும். இங்கிலாந்தில் எம்.6 என்னும் சுங்கச் சாலை போட்டபொழுது, பழைய மில்ஸ் அண்டு பூன் காதல் நாவல்களில் இருபத்தைந்து லட்சம் பிரதிகளைக் கூழாக்கித் தாருடன் கலந்தார்கள் என்று 2003-ம் வருஷத்தில் பத்திரிகைகள் எழுதின. எத்தனையோ காதலர்களின் பெருமூச்சின் மீது இன்று மோட்டார் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த நாகரிகம் செட்டி நாட்டிற்கும் வந்துவிட்டது என்பதை நாம் நேரில் கண்டோம். காரைக்குடியை அடுத்த கிராமமொன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபொழுது, முகப்புத் திண்ணையில் எமக்கு ஓர் ஆசனம் இட்டார்கள். கனமான பைண்டுப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அடுக்கி, நடுவே துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, மேலும் கீழும் மரை முடுக்கியிருந்தார்கள். தலைப்பில் ஒரு தேக்குப் பலகை. "எடைக்குப் போட்டது போக மீந்ததில் செய்தது. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள்" என்றார் நண்பர், பெருமையாகவே.

உட்காருவதற்கு முன் முதுகெழுத்துக்களைப் படித்துப் பார்ப்பது வக்கீல் தொழிலில் வந்த பழக்கம். பெரும்பாலானவை சீமைச் சட்டத் தீர்ப்புத் திரட்டுகள். அவற்றிற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் அவற்றிற்கு நடுவில், மட்டம் சரி செய்வதற்காகச் சொருகிய ஒரு சிறு தமிழ்ப் புத்தகம் இருந்தது. நண்பர் எம் வேண்டுகோளுக்கு இணங்கி மரையைக் கழற்றினார். அது தேசீயப் பாட்டுப் புத்தகம். உப்பு வரியைப் பற்றியும் கதரைப் பற்றியும் நாட்டுப்புற மெட்டில் பாடிய பாட்டுக்கள். முகப்பேடு இல்லை. பாடியவர் யார், அச்சிட்டவர் யார், எந்த வருஷத்தில் வெளிவந்தது என்று அறிய வழியில்லை. கடைசிப் பாட்டின் முடிவில் பாடியவர் தம் பெயரை முத்திரையாக வைத்திருக்கிறார். சரியாக அந்த இடத்தில் இரும்புக் கம்பி பாய்ந்திருந்தது!

அந்தக் காலத்தில் இத்தகைய சிறு பிரசுரங்களை சர்க்கார் பறிமுதல் செய்தது. அச்சுக்கூடங்களிடம் ஜாமீன் கேட்டது. போலீஸார் வீடு புகுந்து சோதனை போட்டனர். அப்படியிருந்தும் யாரோ ஒருவர் அதை நெற்குதிருக்குள்ளோ பெட்டகத்தின் அடியிலோ ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அன்னிய ஆட்சியின் கைக்குத் தப்பிய புத்தகம், சுயராஜ்யம் வந்த பிறகு, துளைபோடும் கருவிக்குத் தப்பவில்லை. இதுவே நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததன் காரணம்.

எல்லாப் புத்தகமும் தெய்வமா?

காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். ஸரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி சார்த்தி வழிபடுகிறோம். அப்படிப்பட்டவர்கள் புத்தகத்தின்மீது உட்காரலாமா என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. வருஷத்தில் ஒரு நாள் பூஜையும் மற்ற நாட்களில் கரையானுக்குப் படையலுமாக வைத்திருப்பதைவிட, உட்காருவதற்காவது உபயோகப்படுத்துவது குற்றமில்லை.

உண்மையைச் சொல்லப் போனால், எம் ஆபீஸ் மேஜையின் ஆடும் காலுக்குப் பல வருஷங்களாக முட்டுக் கொடுத்து வருவது ஒரு பழைய சட்டப் பொழிப்புத் திரட்டுத்தான். இந்தியப் பினல் கோடுக்குப் பதிலாகப் புதிய பாரதீய நியாய சம்ஹிதை 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. 1860-ம் வருஷத்துச் சட்டத்திற்கு எழுதிய உரைநூல்கள் வண்டி வண்டியாக வக்கீல்கள் வீட்டில் கிடக்கின்றன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே செல்லுமாதலால் சில வருஷங்களுக்கு அவை வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் சில பிரதிகள் நூல்நிலையங்களில் இருந்தால் போதும். மற்றவை முக்காலியானால் நாட்டிற்கு நஷ்டமில்லை. பழைய ரயில்வே அட்டவணைகள், மாற்றப்பட்ட பாடபுத்தகங்களின் ஆயிரக்கணக்கான பிரதிகள் ஆகியவற்றின் கதியும் அவ்வாறே.

நம் பாட்டிமார்கள் இவ்வித்தையை முன்னமே அறிந்திருந்தார்கள். பழங்காகிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து, உரலில் இடித்துக் கூழாக்கி, குடத்தின்மேல் அப்பி வெயிலில் காய வைத்துக் கூடைகள் செய்தார்கள். வெந்தயத்தின் பசையும் கசப்பும் சேர்ந்து கூடையை இறுக்கிப் பூச்சியையும் அண்டவொட்டாமல் செய்தன. ஒரு மேல்நாட்டு மாதப் பத்திரிகையில் படம் போட்டு வந்தால்தான் அது கலையென்று நாம் ஒப்புக்கொள்கிறோம். வீட்டுப் பின்கட்டில் நடந்தபோது அது வெறும் சிக்கனமாக இருந்தது!

ஆகவே எம் கேள்வி, புத்தகத்தில் சாமான் செய்யலாமா என்பதன்று. எந்தப் புத்தகம் வேண்டாதது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதே.

வேண்டாதவை என்று நினைத்தவை

ஸ்ரீ உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த வரலாறு வாசகர்கள் அறிந்ததே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைப் பற்றி விசாரித்தபோது, பழுதுபட்டவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. ஏடுகளை எரித்தவர்கள் தமிழுக்கு விரோதிகள் அல்லர். சாஸ்திரப்படி புண்ணியகாரியம் செய்வதாகவே நினைத்தார்கள். 1887-ல் சீவக சிந்தாமணியும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும் அவர் கையால் அச்சேறாதிருந்தால், அவையும் வேண்டாத ஓலைகளின் கணக்கிலேயே போயிருக்கக்கூடும்.

பகைவர் கையால் வரும் அழிவு கண்ணுக்குத் தெரிகிறது. 1981-ம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிக்கப்பட்டதை நினைத்து உலகத் தமிழர் அனைவரும் இன்றும் நெஞ்சு பதைக்கின்றனர். பதைப்பது நியாயமே. ஆனால் பழைய பேப்பர் கடைத் தராசில் தினந்தோறும் சிறிது சிறிதாக நடக்கும் அழிவிற்கு நினைவுநாள் கொண்டாடுவாரில்லை. கடலைப் பொட்டலமாகவும் வெடிக்கட்டின் சுற்றுத்தாளாகவும் போனவற்றுள் எவையெவை இருந்தனவோ!

கோட்டையூர் தந்த பாடம்

இந்தப் பாடத்தைச் செட்டி நாட்டார் வெளியில் சென்று கற்க வேண்டியதில்லை. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரிலேயே அதற்கு உதாரணபுருஷர் ஒருவர் வாழ்ந்தார். காலஞ்சென்ற ஸ்ரீ ரோஜா முத்தையா செட்டியார் பெரும் பண்டிதரல்லர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். மற்றவர்கள் கழித்ததை அவர் சேர்த்தார். புத்தகங்கள் மட்டுமா? நாடக நோட்டீஸுகள், கலியாணப் பத்திரிகைகள், கடிதங்கள், காலணாப் பாட்டுப் புத்தகங்கள் யாவும் அவருக்குப் பொக்கிஷமே. கோட்டையூரில் அவர் இல்லமே நூல்நிலையமாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் அங்கே தேடிவந்தனர்.

1992-ல் அவர் மறைந்தபொழுது ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசுரங்கள் அங்கே இருந்தன. அதன் பிறகு நடந்ததைப் பெருமையோடும் வெட்கத்தோடும் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தொகுதியை விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலை. அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் தமிழ் நாட்டிலேயே இருத்தி, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூல்நிலையம் அமைய அச்சர்வகலாசாலை வழி செய்தது. அதன் பெருந்தன்மைக்கு நம் வந்தனம் உரியது. ஆயினும், பர்மா, மலாய், இலங்கை நாடுகளில் லேவாதேவி நடத்திய செல்வர்களின் நாட்டில், கோயில்களுக்கும் கல்லூரிகளுக்கும் கோடி கொடுத்தவர்களின் நாட்டில், அத்தொகுதிக்கு விலை கொடுக்கக் கடல் கடந்த ஒருவர் வரவேண்டியிருந்தது ஏன்? இக்கேள்வியை நாம் நமக்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செட்டி நாடு புத்தகத்தைப் புறக்கணித்த நாடன்று. மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909-ல் தோன்றியது. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-ல் ஏற்பட்டது. 1919-ல் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியார் அங்கே வந்தார். ஸ்ரீ சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகத்தை நிறுவினார். "ஊழியன்", "குமரன்" என்ற பத்திரிகைகள் இந்நகரிலிருந்து வெளிவந்தன. சென்னையில் தமிழ்ப் புத்தகப் பிரசுரத்தைத் தொழிலாக வளர்த்தவர்களிலும் நகரத்தார் பலர். ஆகையால்தான் இங்குள்ள வீடுகளின் இருட்டறைகளில் என்ன இருக்கும் என்று எண்ணும்போது எமக்கு ஆசையும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன.

வீடும் ஏடும்

1941-42-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், பின்னர் 1948-ல் அந்நாட்டுச் சர்க்கார் நிலங்களைத் தேசீய உடைமையாக்கச் சட்டம் செய்ததும் செட்டி நாட்டின் செல்வத்தை அசைத்துவிட்டன. ஒரு வீட்டிற்குப் பல பங்காளிகள்; பழுது பார்க்கப் பணமில்லை. வளவுகள் இடிந்தன. பர்மாத் தேக்குத் தூண்களும், நிலைக்கதவுகளும், பெட்டகங்களும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போயின. அங்கே தேக்குக்கு மதிப்பிடத் தெரிந்த வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரு தூணைத் தட்டிப் பார்த்து வயது சொல்வார்கள். ஏட்டுக்கு அப்படி மதிப்பிடுபவர் இல்லை.

பாகப்பிரிவினைப் பத்திரங்கள் பல எம் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பித்தளை அண்டா இத்தனை, வெள்ளிக் கும்பா இத்தனை, எவர்சில்வர்த் தட்டு இத்தனை என்று எண்ணிக்கை பிசகாமல் எழுதச் சொல்வார்கள். புத்தகங்களைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னவர்கள் மிகச் சிலர். எவருடைய பங்கிலும் சேராத பொருள் முதலில் எடைக்குப் போகும் என்பது இயல்பே. அச்சுப் புத்தகமாவது வேறிடத்தில் மற்றொரு பிரதி இருக்கலாம். வட்டிக்கடைப் பேரேடுகளுக்கும், ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களுக்கும், கலியாண இசைகுடிமான ஓலைக்கும் இரண்டாம் பிரதி ஏது? தென்கிழக்கு ஆசியாவின் பொருளாதார சரித்திரத்தில் ஒரு பகுதி அந்தப் பேரேடுகளில் இருக்கிறது.

காலமும் நம்மிடம் தயை காட்டுவதாயில்லை. நன்றாகப் பதம் செய்து, எண்ணெய் பூசிப் பாதுகாத்த ஓலை சில நூற்றாண்டுகள் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழால் செய்து, படிகாரம் சேர்த்துப் பதப்படுத்திய காகிதமோ தன்னுள்ளிருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. அவ்வாறான காகிதத்தைச் சாமானாகச் செய்தாலும், கரையான் மிகுந்த இந்தச் செம்மண் பூமியில் அது எத்தனை நாள் நிற்கும்? தரையோடு ஒட்டி வைத்த புத்தக முக்காலி, கரையானுக்கு வைத்த விருந்தேயாகும். தேக்கு முக்காலி பேரனுக்கும் உதவும். புத்தக முக்காலி மகனுக்கே உதவுமா என்பது சந்தேகம்.

செய்யவேண்டியது என்ன?

நாம் பெரிய திட்டம் எதையும் கூறவில்லை. புத்தகப் பெட்டியைத் திறப்பவர்கள் ஒரு நாள் பொறுத்தால் போதும். கையெழுத்தில் உள்ள எதையும், ஓலையாயினும் பேரேடாயினும் கடிதமாயினும், தனியே எடுத்து வையுங்கள். 1950-க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எதுவாயினும், முகப்பேடு இல்லாவிட்டாலும், ஒதுக்கி வையுங்கள். மீதியைத் தச்சரிடம் கொடுங்கள், எமக்கு ஆட்சேபமில்லை. ஒதுக்கியவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சென்னை ரோஜா முத்தையா நூல்நிலையத்திற்கோ, புதுக்கோட்டை ஞானாலயா நூல்நிலையத்திற்கோ தெரிவியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அப்புத்தகம் ஏற்கெனவே படமெடுக்கப்பட்டிருக்கிறதா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், உங்கள் வீட்டுப் பிரதியே நாட்டுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பிரதியாகவும் இருக்கக்கூடும்.

காரைக்குடியிலுள்ள தேசபக்தர்களுக்கும் வாலிபர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்வலத்திற்கும் பொதுக்கூட்டத்திற்கும் தொண்டர் சேர்க்கும் நீங்கள், வீடு இடிபடும் செய்தி கேட்டவுடன் இரண்டு தொண்டர்களை ஒரு சாக்குடன் அனுப்பினால் அதுவும் தேச சேவையே. தராசு வருவதற்கு முன் நீங்கள் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

எம் நண்பர் அந்தப் பாட்டுப் புத்தகத்தை எமக்கே கொடுத்துவிட்டார். முக்காலியின் இடைவெளிக்கு ஒரு தேக்குத் துண்டைச் செருகி மரையை மறுபடி முடுக்கிக்கொண்டார். ஆசனம் முன்னிலும் உறுதியாக நிற்கிறது. புத்தகம் எம் மேஜைமேல் இருக்கிறது. சிறை சென்றாரோ, தடியடி பட்டாரோ, பாடியவரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு துவாரம்தான் இருக்கிறது. இதன் மற்றொரு பிரதி எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அன்பர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அப்பெயரை எமக்கு எழுதி உதவுவார்களாக.