முருகைக்கல் செடியா, விலங்கா?

பருத்தித்துறைக் கரையில் கடல் வற்றியிருக்கும் வேளையில் இறங்கி நடந்த நேயர்கள், காலை உறுத்தும் முருகைக்கல்லை அறிவார்கள். நம்மவர் அதனைக் கல் என்றனர். அதன் இனத்ததாகிய பவளத்தையோ கொடி என்றனர். உண்மையில் இரண்டும் விலங்குகள் கட்டியவை.

இதனை வகுப்பிற் சொன்னால் மாணாக்கர் நம்புவதில்லை. நிற்பது செடி, நடப்பது விலங்கு என்பதே அவர்கள் கொண்ட இலக்கணம். அவர்களைக் குறைகூறவும் இயலாது. தாவரம் என்னும் சொல்லுக்கே நிலைத்து நிற்பது என்பதுதான் பொருள். தொல்காப்பியர் இவ்வழியிற் செல்லவில்லை. மரபியலில் அவர் உயிர்களைப் புலனறிவு கொண்டு ஆறாக வகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர், நத்தையினம் ஈரறிவுயிர். இடம்பெயர்தலை அவர் அளவுகோலாகக் கொள்ளாதது வியப்புக்குரியது.

மேனாட்டாரும் நெடுங்காலம் மயங்கினர். 1706 இல் மார்சிலி என்பார் பவளத்திற் பூக்களைக் கண்டதாக அறிவித்தார். அவை பூக்களல்ல, சிறு பிராணிகள் என்று பிரெஞ்சு மருத்துவர் பெசொனெல் கூறியபோது, பாரிசு அறிஞர் கழகம் ஏற்கவில்லை. 1727 இல் அக்கருத்தை அங்கே எடுத்துரைத்த றேயோமூர், நகைப்புக்கு அஞ்சிச் சொன்னவரின் பெயரையே மறைத்துவிட்டார்! 1740 இல் திரெம்பிளே நன்னீர் ஐதராவை ஆராயத் தொடங்கிய பின்னரே அவர்கள் மனம் மாறிற்று. 1758 இல் இலினேயசு பவளத்தை விலங்குகளோடு சேர்த்தார்.

அவ்வாறாயின் வேறுபாடு யாது? உணவு தேடும் முறையே முதன்மையானது. செடி பச்சையத்தால் சூரிய ஒளியைப் பற்றித் தன் உணவைத் தானே ஆக்குகின்றது. விலங்கு பிற உயிரை உண்கின்றது. முருகையிலுள்ள சிற்றுயிருக்கு வாயுண்டு, வயிறுண்டு, கொட்டும் பரிசக்கொம்புகளுமுண்டு. இரவில் அவற்றை நீட்டி நுண்ணுயிர்களைப் பிடித்துண்ணும். (காளான் தன் உணவை ஆக்குவதில்லை, வாயால் உண்பதுமில்லை, ஆதலால் 1969 இல் விற்றேக்கர் அதற்குத் தனி இராச்சியம் வகுத்தார்.)

ஆனால் இவ்வளவுகோலும் முருகையிடத்துச் சற்றே தடுமாறுகின்றது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியால் ஆக்கும் உணவிற் பெரும்பகுதி முருகைக்கே செல்கின்றது. முருகை பெரும்பாலும் ஒளிபுகும் ஆழங்குறைந்த நீரில் வளர்வதும், பார்களாகப் பெருகி அலையின் வேகத்தைத் தணிப்பதும் இதனாலேயே.

கடல்நீர் அளவுக்குமேற் சூடேறினால் இக்கூட்டு முறிகின்றது. பாசிகள் வெளியேற, முருகை வெளுத்துவிடும். 1998 இல் இலங்கையின் பல பார்கள் இவ்வாறு வெளுத்தன. வெளுத்தவுடனே முருகை இறப்பதில்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தாற் பாசிகள் மீண்டும் பெருகக்கூடும். குளிராவிடிற் பட்டினியால் இறக்கும்.