படுக்கைக்கு அடியில் ஒளிந்த ஓவியங்கள்!

இங்கிலாந்து ஓவியர் ரொனால்ட் சியர்ல், இரண்டாம் உலகப் போரில் ராணுவ வீரராகச் சிங்கப்பூர் சென்றார். 1942 பிப்ரவரியில் அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 21 வயது சியர்லும் கைதியானார்.

தாய்லாந்து – பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு அவரை அனுப்பினர். அங்கே அரை வயிற்றுச் சாப்பாடு, அடி, உதை, மலேரியா! கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். எலும்பும் தோலுமான சக வீரர்களை, கிடைத்த காகிதங்களில் ரகசியமாக வரைந்தார் சியர்ல். சிக்கினால் உயிருக்கே ஆபத்து! அப்படியானால், படங்களை எங்கே ஒளித்தார்?

காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில்! நோய் தொற்றும் என்ற பயத்தில், காவலர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

1945ல் விடுதலையானபோது, சுமார் 300 படங்கள் தப்பியிருந்தன. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருந்தபடி, நண்பர்கள் பட்ட பாட்டுக்கு அவை இன்றும் சாட்சி சொல்கின்றன.