அண்டாவுக்குப் புளி எவ்வளவு?

ராயப்பன்பட்டியில் ஒரு கல்யாணச் சமையல். கொட்டகையில் கோட்டை அடுப்புகள் எரிகின்றன. சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் ஒரே நேரத்தில் தயாரானால்தான் முதல் பந்திக்கு இலை போடலாம். அதனால் மாஸ்டர் அடுப்புக்கு ஒரு கையாளை நிறுத்துகிறார். நிரலில் த்ரெட் என்பது இந்தக் கையாள்தான்.

2002இல் வந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 1.0இல் மாஸ்டருக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு. "ரசத்தை ஆரம்பிப்பா" என்று சொல்லலாம். எத்தனை பேருக்கு, புளி எவ்வளவு என்று சொல்லக் கூடாது. த்ரெட்ஸ்டார்ட் என்ற டெலிகேட், எந்தத் தகவலையும் வாங்காத, எதையும் திருப்பித் தராத மெத்தடை மட்டுமே ஏற்கும்.

இதற்கு விவரமானவர்கள் கண்டுபிடித்த வழி கூடை. புளி, மிளகு, ஆள் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கூடையில் போட்டு, செய்முறையையும் அதிலேயே வைத்துவிடுவது. அதாவது ஒரு கிளாஸ். தகவல்கள் அதன் உறுப்புகள், வேலை அதன் மெத்தட். த்ரெட்டிடம் அந்த மெத்தடைக் கொடுத்தால் கூடையும் கூடவே போய்விடும். ரசம் எவ்வளவு வந்தது என்ற கணக்கையும் கையாள் அதே கூடையில் எழுதி வைக்கலாம். ஜாயின் போட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

2005இல் வந்த டாட்நெட் 2.0 கொஞ்சம் இறங்கி வந்தது. பாராமீட்டரைஸ்டு த்ரெட்ஸ்டார்ட் வழியாக, மூடிபோட்ட தூக்குவாளி ஒன்றை, ஒன்றே ஒன்றை, கையில் கொடுக்கலாம். அதன் வகை ஆப்ஜெக்ட். உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் கஞ்சத்தனம் என்று இதை நினைக்க வேண்டாம். விண்டோஸின் கிரியேட்த்ரெட்டும் யூனிக்ஸ் பக்கத்து பித்ரெட்ஸும் ஒரே ஒரு பாயின்டரைத்தான் வாங்குகின்றன.

சிக்கல் மூடியில் இருக்கிறது. புளி என்று நம்பித் திறந்தால் உள்ளே வெல்லம். கம்பைலர் இதைப் பிடிக்காது. ஓடும்போதுதான் காஸ்ட் பிழையாக வெடிக்கும். 1.1 வரை, த்ரெட்டுக்குள் யாரும் பிடிக்காத பிழை வந்தால் அந்தக் கையாள் மட்டும் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார். ரசம் வராதது பந்தியில்தான் தெரியும். 2.0 முதல் மொத்தச் சமையலும் நின்றுவிடும். கொடுமையாகத் தெரிந்தாலும் இதுதான் சரி.

பிறகு லாம்டா, அதாவது பெயரில்லாமல் அங்கேயே எழுதும் மெத்தட், வந்தது. கையில் எதுவும் கொடுக்க வேண்டாம், "பலகையைப் பார்த்துக்கோ" என்றால் போதும். பலகை என்பது வெளியே இருக்கும் மாறி. வசதிதான். ஆனால் கையாள் திரும்பிப் பார்ப்பதற்குள் மாஸ்டர் அழித்து அடுத்ததை எழுதியிருப்பார். 0 முதல் 4 வரை ஐந்து பதார்த்தங்களுக்கு ஃபார் சுற்று போட்டால், சுற்று முடியும்போது எண் 5 ஆகியிருக்கும். தாமதமாகப் பார்க்கும் கையாள் பட்டியலிலேயே இல்லாத ஆறாவது பதார்த்தத்தைத் தேடுவார். 2012இல் சி ஷார்ப் 5, ஃபார்ஈச் சுற்றில் இதைச் சரிசெய்தது. ஃபார் சுற்றில் இன்றும் அப்படியேதான்.

பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு என் சிபாரிசு கூடைதான்: வகை தெரியும், விடையும் திரும்பி வரும். லாம்டாதான் வேண்டுமென்றால், சுற்றுக்குள்ளே தனி மாறி ஒன்றில் எண்ணை நகலெடுத்து, அதைக் கொடுங்கள்.