நமத்துப்போன அம்பாசடர்

கார்த்திகை மாதத்தில் எங்கள் திருவண்ணாமலையில் இரண்டு பொருள்கள் நமத்துப்போகும். ஒன்று தீப்பெட்டி. இன்னொன்று என் மாமாவின் அம்பாசடர் கார்.

அன்று தீபத்துக்கு முதல் நாள். ராத்திரி முழுக்க மழை. செங்கம் சாலை ஓரத்தில் வண்டி விடிய விடிய நனைந்திருந்தது. மறுநாள் ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அதற்குள் போளூர் போய்ப் பாட்டியை அழைத்துவர வேண்டும். மாமா செல்ஃப் அடித்தார். கிர்... கிர்... கிர்... இன்ஜின் சுற்றியது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் பாய் வந்தார்.

“ஹேண்டில் போட்டுச் சுத்தட்டுமா பாய்?” என்றார் மாமா.

“ஹேண்டில் போட்டா இன்ஜின் சுத்தும். அதுதான் ஏற்கெனவே சுத்துதே!”

பாய் பானட்டைத் தூக்கும் முன்னால் ஹாரனை ஒருமுறை அடித்தார். கணீரென்று கேட்டது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம்; மொத்தம் 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அது இறங்கியிருந்தால் ஹாரன் முனகும், செல்ஃப் அடிக்கும்போது விளக்கு மங்கும். ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் அமிலமும் சோடாவும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு அந்தப் பூப்பு கழன்றுவிடும். அன்று அதற்கு வேலை இல்லை.

பாய் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். “பெட்ரோல் வாடை வருது. அப்போ நெருப்புதான் இல்லை.”

நெருப்பு எங்கிருந்து வரும்? இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் அமுக்கி, பிளக்கில் ஒரு தீப்பொறி விட்டால் குப்பென்று எரியும். ஆனால் சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டவே மின்சாரத்துக்குச் சுமார் 3000 வோல்ட் வேண்டும். அமுக்கிய காற்றில் இன்னும் அதிகம். நம்மிடம் இருப்பதோ 12 வோல்ட்!

இங்கேதான் ‘காயில்’ வருகிறது. ஓர் இரும்புத் தண்டைச் சுற்றித் தடித்த கம்பி சில நூறு சுற்று, மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் மின்சாரம் ஓடினால் தண்டு காந்தமாகும். அந்தக் காந்தம் அப்படியே நின்றால் மெல்லிய கம்பியில் ஒன்றும் நடக்காது. காந்தம் மாறினால்தான் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட். ஆகவே ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று வெட்டிவிட வேண்டும். காந்தம் ஒரேயடியாக அடங்கும்போது மெல்லிய கம்பியில் 15,000, 20,000 வோல்ட் எகிறும். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாய் ‘டம்’மென்று அதிருமே, ஏறக்குறைய அந்த மாதிரி. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் இதுதான்: கரன்ட்டை நிறுத்துகிற நொடியில்தான் தீப்பொறி பிறக்கிறது.

வெட்டுகிற வேலை ‘பாயிண்ட்’ என்ற இரண்டு குட்டி உலோகப் பொட்டுகளுக்கு. நான்கு முனை உள்ள ஒரு தண்டு சுற்றிச் சுற்றி அவற்றைப் பிரிக்கும். பிரியும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தடித்த கல்யாணப் பத்திரிகை அளவுதான். அந்த இடைவெளியிலேயே பொறி பறந்து பாயிண்ட் கருகிவிடாமல் கண்டன்சர் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 தீப்பொறி! அவற்றை வாங்கி, நடுவில் சுழலும் ரோட்டார் நான்கு பிளக்குக்கும் பங்கு போடும். வரிசை 1, 3, 4, 2. அடுத்தடுத்து அடித்தால் இன்ஜின் குலுங்கும் என்பதால் இப்படிக் குறுக்கு வரிசை. இரண்டு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டால் வண்டி ‘பட் பட்’டென்று வெடிக்கும், நகராது.

ரோட்டாரை மூடியிருக்கும் கேப்பில், காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பாய் உருவினார். ரப்பர் பிடி போட்ட குறட்டால் அதை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, “செல்ஃப் அடிங்க” என்றார். சட், சட், சட்! நீலப் பொறி. (நீங்கள் ஒருபோதும் தொடாதீர்கள். தெரிந்தவர்கள்கூட இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.)

“பாத்தியா தம்பி, பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டன்சர் நாலும் பாஸ்!”

ஒரே சோதனையில் பாதி வண்டி தப்பித்தது. பொறி வராமல் இருந்திருந்தால் பின்னால் போய்த் தேடியிருப்பார். வந்துவிட்டதால் கோளாறு அதற்கு அப்பால்தான்.

கேப்பைக் கழற்றித் திருப்பினார். உள்ளே பனி பூத்தாற்போல் நீர்த்துளிகள். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது; தூசியும் அழுக்கும் கலந்த ஈரம் நன்றாகவே கடத்தும். பிளக் வரை போய்க் கஷ்டப்பட்டுத் தாண்டுவானேன் என்று மின்சாரம் ஈரச் சுவர் வழியாகவே இரும்புக்கு இறங்கிவிட்டது. போன வழியில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. கருகிய கரி. கரியும் மின்சாரத்தைக் கடத்தும்.

பழைய வேட்டித் துணியால் கேப்பையும் ஒயர்களையும் பாய் துடைத்தார். “கோடு விழுந்துடுச்சு. அடுத்த மழைக்கும் இதே வேலையைக் காட்டும், கேப்பை மாத்திடுங்க” என்றார். செல்ஃப் அடித்ததும் வண்டி உறுமியது.

கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் 2014-ல் நின்றுபோனது. இப்போதைய பெட்ரோல் கார்களில் பாயிண்ட்டும் இல்லை, ரோட்டாரும் இல்லை. டிரான்சிஸ்டர் வெட்டுகிறது, பல கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். வெட்டினால்தான் பொறி என்பது மட்டும் மாறவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணி. மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்றது. எங்கள் திண்ணையில் பாட்டி அகல் விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து நமத்த தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டிருந்தாள்.

“பாயைக் கூப்பிடட்டுமா பாட்டி?” என்றேன்.