பள்ளி மூடலும் எழுத்து வழக்கும்: கற்றல் மீட்பு குறித்த மொழியியல் நோக்கு

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் இந்தியா முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கின. இவ்விடைக்காலத்தில் குழந்தைகள் எதை இழந்தனர், அதனை எவ்வாறு மீட்பது என்னும் வினாக்கள் பெரும்பாலும் கல்வியியல் நோக்கிலேயே ஆராயப்பட்டுள்ளன. இவ்வினாக்களுக்கு மொழியியல் கூறும் ஒன்று உண்டு என்பதை இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சான்றுகளைக் கொண்டு விளக்குகிறது.

1. இழப்பும் இடைவெளியும்

ஆங்கிலக் கல்வி நூல்களில் வழங்கும் சொல்லைப் பின்பற்றிக் ‘கற்றல் இழப்பு’ என்னும் தொடர் தமிழில் அமைந்தது. ‘இழப்பு’ என்பது முன்னர் உடைமையாக இருந்ததையே குறிக்கும். 2020இல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை தான் கற்ற எழுத்துகளை மறந்திருந்தால், அதனை இழப்பு எனலாம். அவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தையோ எழுத்தைக் கற்கவே இல்லை. அதன் நிலையை ‘இடைவெளி’ என்பதே பொருந்தும். இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. முன்னதற்கு நினைவூட்டல் போதும். பின்னதற்கு முதலிலிருந்தே கற்பித்தல் வேண்டும். 2021இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட ‘புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம்’ என்பதன் பெயரும் முன்பு கற்ற ஒன்று உண்டு என்னும் கருத்தையே உள்ளடக்கியது.

2. இரட்டை வழக்கின் பங்கு

தமிழ் இரட்டை வழக்கு மொழி. இல்லத்தில் ‘வீட்டுல’, ‘அவங்க’, ‘மழ’ எனக் கேட்டு வளரும் குழந்தை, பாடநூலில் ‘வீட்டில்’, ‘அவர்கள்’, ‘மழை’ என்னும் வடிவங்களைச் சந்திக்கிறது. நூல்கள் இல்லாத இல்லத்துக் குழந்தைக்கு எழுத்து வழக்குத் தொடர்ச்சியாகக் காதில் விழும் இடம் பெரும்பாலும் பள்ளியே.

இது படித்தல் திறனோடு நேரடித் தொடர்புடையது. தமிழில் ஓர் எழுத்து இடம் நோக்கி ஒலி வேறுபடும். ‘பசி’, ‘பச்சை’, ‘பஞ்சு’ ஆகியவற்றில் சகர வரிசை மூவகையாக ஒலிப்பதைக் காணலாம். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் குழந்தை, தான் முன்பே கேட்டறிந்த சொல்லின் துணையால்தான் சரியான ஒலிப்பை விரைந்து எட்டுகிறது. கேட்டறியாத வடிவத்தில் அத்துணை கிட்டுவதில்லை. எனவே பள்ளி மூடியபோது நின்றது பாடம் மட்டும் அன்று. எழுத்து வழக்கைக் கேட்கும் வாய்ப்பும் நின்றது.

3. மீட்பின் அளவு

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆய்வு செய்தனர். 2021 டிசம்பரில், 2019ஆம் ஆண்டின் ஒத்த வயதினரைவிடக் குழந்தைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தனர். இல்லத்தில் பேச்சு இடையறாது தொடர்ந்தமை மொழியில் குறைவு சிறுத்தமைக்கு ஒரு காரணமாகலாம். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் 24 விழுக்காடு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் விளைந்தது என அவர்கள் மதிப்பிட்டனர். அத்திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புகளிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர்.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை வகுப்பு நோக்காது அடைந்த நிலை நோக்கி ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ எனப் பகுத்தது. பூவின் பருவங்களைச் சுட்டும் இம்மரபுச் சொற்கள் தோல்வியைச் சுட்டாமல் வளர்ச்சியைச் சுட்டுகின்றன. ‘மெல்லக் கற்போர்’ என்னும் மொழிபெயர்ப்புத் தொடர் குழந்தையின் மீது ஏற்றும் குறையை இவை ஏற்றுவதில்லை. கலைச்சொல் ஆக்குவோர் கருதத்தக்க முன்மாதிரி இது.

4. முடிவுரை

இந்திய ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க வல்லோர் 2018இல் 27.3 விழுக்காட்டினர், 2022இல் 20.5; 2024இல் 27.1 என்பது ‘ஏசர்’ ஆய்வறிக்கைகள் தரும் செய்தி. இழந்தது ஏறக்குறைய மீண்டுவிட்டது. ஆயினும் மீண்ட இடம், நால்வருள் ஒருவரே படிக்க இயன்ற பழைய இடமே. ‘மீட்பு’ என்னும் சொல் முந்தைய நிலையை இலக்காக்கிவிடும் இடர் இங்கு உண்டு. கதை கூறல், உரக்கப் படித்துக் காட்டல் ஆகியவற்றின் வழி எழுத்து வழக்கைக் குழந்தையின் செவிக்கு நாள்தோறும் கொண்டு சேர்ப்பது பெருந்தொற்றுக்கு முன்னரும் தேவையாக இருந்த பணி. அது நிறைவேறும்போதுதான் அரும்பு மலராகும்.