மீன் முட்டையும் மருந்தின் அளவும்

ஒரு மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடினும், அவற்றுள் குஞ்சாகி வளர்பவை மிகச் சிலவே. இவ்விழப்பைக் குறைக்கும் பொருட்டு மனிதன் அமைத்ததே மீன்குஞ்சு பொரிப்பகம். நம் நாட்டுக் கட்லா, ரோகு மீன்களின் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குளிர்நீர் மீனாகிய ட்ரௌட்டின் முட்டைகளோ 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் பொரிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே இம்மீனுக்கெனப் பொரிப்பகம் ஒன்று தோன்றிற்று. பொரிவதற்குக் காத்திருக்கும் இந்நாள்களே முட்டைகளுக்குக் கண்டமான காலமாகும்.

முட்டையின் பகை

தட்டில் ஒரு முட்டை இறந்துவிட்டால் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணம் அதன்மீது வெண்பஞ்சு போலப் படர்கிறது. பின்னர் அருகிலுள்ள உயிர் முட்டைகளையும் தன் இழைகளால் சூழ்ந்து, உயிர்வளி கிட்டாதவாறு செய்து கொல்கிறது. வெளியிடங்களிலிருந்து தருவிக்கும் முட்டைகளின் மேலுறையில் நோய்க்கிருமிகளும் ஒட்டி வருவதுண்டு. ஆதலின் கிருமிநாசினி தேவையாகிறது. ஆயினும் கிருமி இது, கரு இது எனப் பிரித்தறியும் ஆற்றல் அம்மருந்துகளுக்கு இல்லை. மருந்தின் அளவு, நனைக்கும் நேரம், கருவின் பருவம் ஆகிய மூன்றனுள் ஒன்று தவறினும் மருந்தே நஞ்சாகிவிடும்.

மருந்தின் இருமுகம்

ட்ரௌட், சால்மன் முட்டைகளை 1 லிட்டர் நீருக்கு 100 மில்லிகிராம் அயோடின் கலந்த கரைசலில் 10 நிமிடம் நனைத்துக் கழுவுவது வழக்கம். இக்கரைசல் அமிலத்தன்மை உடையது. நீர் மென்னீராயின் அத்தன்மை மிகுந்து முட்டைகள் மடியும்; அதனைத் தணிக்கவே சமையல் சோடா சேர்க்கின்றனர். பொரியும் நாள் நெருங்கியபின் நனைத்தால் குஞ்சுகள் காலத்திற்கு முன்பே வெளிவந்துவிடக்கூடும். முட்டையின் உள்ளே புகுந்துவிட்ட கிருமியையோ இம்மருந்து தீண்டுவதில்லை. கடல்மீன் முட்டைகளுக்கு இடப்படும் குளுட்டரால்டிஹைடு இதற்கு மாறானது. அது அளவு மிகுந்தால் மேலுறை இறுகி, குஞ்சு வெளிவர இயலாமல் உள்ளேயே மாண்டுபோகும்.

பச்சைச் சாயத்தின் பாடம்

பட்டுக்கும் தோலுக்கும் நிறமேற்றும் மாலகைட் பச்சை என்னும் சாயம், 1930-களிலிருந்து பூசணத்திற்குக் கைகண்ட மருந்தாக விளங்கிற்று. ஆனால் அச்சாயம் பட்ட முட்டைகளிலிருந்து வந்த ட்ரௌட் குஞ்சுகள் சிலவற்றில் உருக்குறை காணப்பட்டதை 1983-இல் வெளிவந்த ஆய்வொன்று உணர்த்திற்று. மீனின் கொழுப்பில் அது நெடுநாள் தங்கி, உண்பவர் உடலிலும் சேரும் என்பது தெரிந்தபின், உணவு மீன்களுக்கு அதனைப் பயன்படுத்த ஐரோப்பாவும் அமெரிக்காவும் தடை விதித்தன. அதற்கு மாற்றாக வந்த ஃபார்மலினும் குற்றமற்றதன்று. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. நீராகவும் உயிர்வளியாகவும் சிதைந்துபோகும் ஹைட்ரஜன் பெராக்சைடை 2007-இல் அமெரிக்கா முட்டைகளுக்கு ஏற்றுக்கொண்டது. அதற்கும் அளவும் நேரமும் உண்டு.

இறந்த முட்டைகளை அன்றாடம் பொறுக்கி அகற்றுவதும், தூய நீரை இடையறாது ஓடச் செய்வதும் மருந்தின் தேவையையே குறைத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். கடுகினும் சற்றே பெரிய ஒரு முட்டைக்குள் துடிக்கும் உயிரும் இறைவனின் படைப்பே. அதனைக் காக்க மருந்தைக் கையில் எடுப்பவர், முதலில் அளவுகோலைக் கையில் எடுத்தல் வேண்டும்.